பின்கட்டிலிருந்து முன்வாசலுக்கு

அத்தையை எந்த இல்லத்தில் சேர்ப்பது என்ற பேச்சு வந்தபோது உறவினர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "நம்ம சாப்பாடு கிடைக்குமா?" திருநெல்வேலியிலிருந்து போனில் கேட்டார்கள். சென்னையிலிருந்து கேட்டார்கள். புனேயிலேயே பாணேரில் இருந்த சித்தப்பா நேரிலேயே வந்து கேட்டார். கிடைக்கும் என்றால் அது நல்ல இடம். கிடைக்காது என்றால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. பாதி ஆயுளைப் புனேயில் கழித்த பிறகும் எங்கள் ஆட்களுக்கு ஓர் இடத்தின் தரம் ரசத்தில்தான் தெரியும்.

என்னிடம் வேறு கேள்விகள் இருந்தன. நான் எதையும் பட்டியலாக யோசிக்கிறவள். என் வேலையும் அதுதான். புனேக்கு வெளியே ரஞ்சன்காவில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். எங்களுக்குப் பொருள் செய்து தரும் சின்னப் பட்டறைகளுக்குப் போய், இவர்களை நம்பலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நட்டு போல்ட்டுக்கே அத்தனை கேள்வி கேட்கிறவள் அத்தைக்குக் கேட்காமல் விடுவேனா?

அத்தை என் அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்ன வயதில் தனியாக ரயிலேறிப் புனேக்கு வந்து, கன்டோன்மென்ட்டில் ராணுவத் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். அவள் அறையில் தங்கித்தான் அப்பா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டார். அதே அறையில் தங்கித்தான் சித்தப்பா வங்கித் தேர்வுக்குப் படித்தார். ஓய்வு பெற்ற பிறகு எங்களோடு கட்கி வீட்டிலேயே இருந்துவிட்டாள். நான் கல்லூரியில் இருந்தபோது அப்பா இறந்தார். அதன்பின் வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள்.

நான் வேலைக்குப் போய்க் கொஞ்ச காலத்தில் அவளுக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். பிறகு காய்கறிச் சந்தையிலிருந்து திரும்பும் வழி. ஒருநாள் அம்மாவைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று அன்பாகக் கேட்டாள். அம்மா அன்று சமையலறையை விட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஆனால் அத்தையின் கைகள் எதையும் மறக்கவில்லை. அந்தக் காலத்துத் தொலைபேசிப் பலகையில் ஒரு கையால் கயிற்றை இழுத்துத் துளையில் செருக வேண்டும், மறு கையால் விசையைத் தட்ட வேண்டும். அதை அவள் இப்போதும் நாள் முழுவதும் செய்தாள். புடவைத் தலைப்பின் நுனியைத் திருகி ஜன்னல் கம்பிக்குள் செருகுவாள். இழுப்பாள், அடுத்ததில் செருகுவாள். அவள் முகத்தில் அப்போது ஓர் அதிகாரம் இருக்கும். யாரோ ஒரு கர்னல் அந்தப் பக்கம் காத்திருப்பது போல.

சாயங்காலம் ஆனால் நல்ல புடவை கட்டிக்கொண்டு கைப்பையோடு வாசலில் வந்து நிற்பாள்.

"டூட்டிக்கு நேரமாச்சு. ஜீப்பு வந்துட்டா?"

அம்மா மறுத்துப் பேசமாட்டாள். செருப்பை எடுத்துப் போட்டு, தெருமுனை வரை கூட்டிக்கொண்டுபோய்த் திரும்ப அழைத்து வருவாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை பையை ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு முழு ஷிப்டை முடித்தவளின் பெருமூச்சோடு சாப்பிட உட்காருவாள். இப்படியே ஓடியிருக்கும். ஆனால் அம்மாவுக்கு முதுகுத்தண்டில் வட்டு விலகிவிட்டது. யாரையும் தாங்கக் கூடாது, தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் இருட்டோடு கம்பெனி பஸ் ஏறி இருட்டிய பிறகு வருகிறவள். வீட்டோடு பார்த்துக்கொள்ள வந்த பெண்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். இல்லம் தேட வேண்டியதாயிற்று.

முதலில் பார்த்தது சித்தப்பாவின் வீட்டுக்குப் பக்கத்திலேயே, பாணேரில். கண்ணாடிக் கதவு, மீன் தொட்டி, டை கட்டிய மேலாளர். சாயங்காலத்தில் எங்கள் அத்தை வாசலுக்குப் போய் நிற்பாளே, அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அந்தக் கவலையே வேண்டாம், நாலு மணி டீயோடு ஒரு மாத்திரை உண்டு, அதன்பின் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னார். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் வரிசையாக எல்லாரும் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் அந்த இடத்தை அடித்துவிட்டேன்.

"அது கெடக்கட்டும்," என்றார் சித்தப்பா. "நான் வேற இடம் சொல்லி வச்சிருக்கேன்."

அது ஊருக்கு வெளியே, நம்முடைய ஆட்கள் அறக்கட்டளை வைத்து நடத்தும் இடம். உள்ளேயே சின்னக் கோயில். மார்கழியில் பஜனை. மத்தியானம் தயிர்சாதம். செயலாளர் சித்தப்பாவின் நெடுநாள் நண்பர். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது, சித்தப்பா அதையும் இதோடு சேர்த்து முடிச்சுப் போட்டார்.

"நாளைக்கு உன்னைப் பொண்ணு பாக்க வாரவன் கேட்டா, ஆசிரமத்துல இருக்காவன்னு கௌரவமாச் சொல்லலாம்லா. எங்கயோ கொண்டு தள்ளிட்டாவன்னு பேரு வரணுமா உனக்கு?"

"அத்தை இருக்கிற இடம் பிடிக்காதவன் என்னைப் பாக்க வரவே வேண்டாம் சித்தப்பா."

"வாய் மட்டும் அப்பனைப் போல," என்றார் அம்மாவிடம்.

நான் சொல்லாமல் போய்ப் பார்க்கலாம் என்றேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. நம் ஆட்கள் நடத்துகிற இடத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால் நன்றாகவா இருக்கும் என்றாள். அவளே போன் செய்தாள். ஆப்பிளும் மல்லிகைப் பூவும் வாங்கினாள். ஒரு கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி நாங்கள் மூன்று பேரும், அம்மா, சித்தப்பா, நான், போய் இறங்கினோம்.

ஒரு குறையும் இல்லை. டபரா டம்ளரில் காப்பி வந்தது. முற்றத்தில் கோலம். கூடத்தில் வயதான பெண்கள் துவைத்த புடவையும் விபூதியுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் மடிப்புக் கலையாமல் ஒரு சால்வை. "பாத்தியா, குளிராம இருக்கப் போர்வைகூடக் குடுத்திருக்காவ," என்று அம்மா என் காதில் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. செயலாளர் நல்ல மனிதராகத்தான் பேசினார். மிளகு ரசத்தின் மணம் கூடம் வரை வந்தது. சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையில், இன்னும் என்ன வேணும் உனக்கு என்று இருந்தது.

என்ன வேண்டும் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் சில பட்டறைகளில் நாங்கள் வரும் நாளுக்காகத் தரைக்குப் புதுப் பெயின்ட் அடித்து வைப்பார்கள். அதன் மீது நடக்கும்போது எனக்கு ஏற்படும் உணர்வு அன்று அந்தக் கூடத்தில் ஏற்பட்டது. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பட்டறையைக் கடைசியிலிருந்து பார்க்க ஆரம்பிப்போம். பொருள் லாரியில் ஏறும் இடத்தில் தொடங்கி, பின்னோக்கி நடந்து, கச்சாப் பொருள் வந்து இறங்கும் இடத்தில் முடிப்போம். முன்வாசலிலிருந்து தொடங்கினால் அவர்கள் காட்டுவதைத்தான் பார்ப்போம். பின்கட்டைப் பார்க்கலாமா என்று செயலாளரிடம் கேட்டேன். அங்கே சமையல்கட்டும் சலவையும்தான், அடுத்த தடவை பார்க்கலாம் என்று சிரித்தார்.

அந்த அடுத்த தடவை அடுத்த சனிக்கிழமை வந்தது. நான் யாருக்கும் சொல்லவில்லை. பூவும் பழமும் வாங்கவில்லை. சிக்ஸ் சீட்டர் ஷேர் ஆட்டோவில் இடுக்கிக்கொண்டு போய் இறங்கி, சுற்றுச்சுவரை ஒட்டியே நடந்து, பால் வண்டி வரும் பின் கேட் வழியாக உள்ளே நுழைந்தேன்.

துணிக்கொடிகள் நீளமாகக் கட்டியிருந்தன. போர்வைகள், புடவைகள், அதற்கப்பால் ஒரு கொடி முழுக்கத் துணிப் பட்டைகள். பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்துச் செய்தவை. காயத்துக்குக் கட்டும் துணியாக இருக்கும் என்று நினைத்தபடி ஒன்றைத் தொட்டேன். இரண்டு முனையும் மடித்துத் தைத்திருந்தது. நடுவில் நைந்து பஞ்சுபோல இருந்தது. முனைகளில் முடிச்சுப் போட்டு அவிழ்த்துப் போட்டு அவிழ்த்து விழுந்த சுருக்கம், துவைத்தும் போகாமல் நின்றது. காயத்துக்குக் கட்டும் துணியை யாரும் ஓரம் அடித்து வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

வாளியோடு வந்த வேலைக்காரப் பெண்ணிடம் இது எதற்கு என்று மராத்தியில் கேட்டேன். எதையும் மறைக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. கைக்கு, என்றாள். எழுந்து போகிறவர்களுக்கு. காலுக்குக் கட்டுவது இதைவிட அகலமாக இருக்கும், அது அந்தக் கொடியில் என்று கை காட்டினாள்.

சமையல்கட்டு வழியாகக் கூடத்துக்குப் போனேன். போன வாரம் பார்த்த அதே பெண்கள், அதே வரிசை. மடியில் அதே சால்வைகள். வெளியே வெயில் கொளுத்துகிறது, மின்விசிறி சுற்றுகிறது, எல்லாருக்கும் சால்வை. கடைசி நாற்காலியில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்து, "பஸ்ஸு போயிட்டாம்மா?" என்று கேட்டாள். இன்னும் போகவில்லை என்று சொல்லி அவள் மடியில் இருந்த சால்வையை விலக்கினேன். இரண்டு மணிக்கட்டும் நாற்காலிக் கையோடு சேர்ந்திருந்தன. இறுக்கமில்லை. அன்பாகக் கட்டியிருந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

செயலாளர் அவசரமாக வந்தார். கோபப்படவில்லை, எனக்குப் புரியவைக்கப் பார்த்தார்.

"விழாம இருக்கத்தாம்மா. இடுப்பு எலும்பு ஒடிஞ்சா அதோட முடிஞ்சு போச்சு. எல்லா வீட்டுலயும் சொல்லித்தான் செய்யறோம். இதுவரைக்கும் யாரும் வேண்டாம்னு சொன்னதில்லை."

"எங்ககிட்ட சொல்லலையே."

"உங்க சித்தப்பாகிட்ட சொல்லியிருக்கேனேம்மா."

மறுநாள் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். செயலாளர் அதற்குள் போன் செய்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். திருடி மாதிரிப் பின்வாசல் வழியாகப் போனாயாமே, என் முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்றார். நான், அங்கே கைகளைக் கட்டுவது உங்களுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன். அம்மா அடுக்களை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அது அப்போதுதான் தெரியும்.

"ஆமா, சொன்னாரு," என்றார். "அதுக்கென்ன இப்போ? சாயங்காலம் கொஞ்ச நேரம். விழுந்து கெடந்தா நீயா தூக்கப் போறே? எங்க அக்காட்டி அவ. எனக்குச் சோறு போட்டவ. எனக்கு அக்கறை இல்லைன்னா சொல்லுதே?"

அக்கறை இருந்தது. அதனால்தான் எனக்கு ஆத்திரமாக வந்தது. அத்தை எங்களை விட்டுவிட்டு ஜன்னலோரம் அவள் வேலையில் இருந்தாள், தலைப்பு நுனி ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்குப் போய்க்கொண்டிருந்தது. என் துப்பட்டாவை எடுத்து மேஜையில் சித்தப்பாவின் முன்னால் வைத்தேன்.

"நீங்களே கட்டுங்க. இப்போ, இங்கயே. நீங்க காப்பி குடிச்சு முடிக்கிற வரைக்கும் கட்டியிருந்தாப் போதும். உங்களால முடிஞ்சா நாளைக்கே நான் அத்தையக் கொண்டுபோய் விடுதேன்."

அம்மா என் பெயரைச் சொல்லி அதட்டினாள். சித்தப்பா துப்பட்டாவைப் பார்த்தார். கோபத்தில் எடுக்கவும் எடுத்தார். எழுந்து ஜன்னலருகே போனார். அத்தை திரும்பி அவரைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் கையில் இருந்த தலைப்பு நுனியை அவரிடம் நீட்டினாள்.

"பேசு. லைன் கெடைச்சாச்சு."

சித்தப்பா அதை வாங்கிக்கொண்டார். அந்த நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு துப்பட்டாவை நாற்காலியில் போட்டுவிட்டு, காப்பி குடிக்காமல் போய்விட்டார். அதன்பின் அவர் எங்களோடு பேசவில்லை.

மூன்றாவது இடம் சாங்வியில், ஒரு பழைய மாடிவீடு. ராணுவ மருத்துவமனையில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்ற மராத்திப் பெண்மணி நடத்தினார். நான் போன் செய்யாமல் போனேன், பின்பக்கமாகவே நுழைந்தேன். கொடியில் போர்வை, புடவை, பைஜாமா, பைஜாமா, பைஜாமா. பட்டை எதுவும் இல்லை. அடுப்பில் வெல்லமும் கோகம் புளியும் போட்ட பருப்பு கொதித்தது. ரசம் இல்லை. ரசம் என்றால் என்னவென்றே அங்கு யாருக்கும் தெரியாது.

வராந்தாவில் ஒரு பெரியவர் கண்ணைச் சுற்றி நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தார். நான் கேட்பதற்கு முன் அந்தச் செவிலியே சொன்னார்: நேற்று விழுந்தார், குளியலறை வாசலில், தப்பு எங்களுடையது, தரை ஈரமாக இருந்தது. எனக்கு உடனே காது நிமிர்ந்தது. எங்களிடம் ஒரு பொருள்கூடப் பழுதானதில்லை என்று சொல்லும் பட்டறையை நான் நம்பியதே கிடையாது. பழுதானவற்றைக் கண்ணில் படும்படி குவித்து வைத்திருக்கிறவனிடம்தான் எனக்குப் பேச்சு.

அப்படியானால் இங்கே விழுவார்கள் என்கிறீர்கள் என்றேன்.

நடக்கிறவர்கள் விழுவார்கள் என்றார் இந்தியில். விழவே மாட்டார்கள் என்று சொல்லும் இடம் உங்களுக்கு வேண்டுமென்றால் அங்கே போங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்றார்.

சாயங்காலக் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார். கூட்டிக்கொண்டு போனேன். வெயில் தாழ்ந்ததும் அத்தை வழக்கம்போலக் கைப்பையை எடுத்துக்கொண்டு கேட்டருகே போய் நின்று, ஜீப்பு வந்துவிட்டதா என்று தமிழில் கேட்டாள். செவிலிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவள் கட்டியிருந்த புடவையையும் பையையும் பார்த்தார். "டூட்டி?" என்றார். அத்தை விறைப்பாகத் தலையசைத்தாள். மாவ்ஷி என்று குரல் கொடுத்தார். இங்கே வேலை செய்கிற பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒரு மாவ்ஷி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, கேட்டைத் திறந்து அத்தையோடு நடந்தாள். தெருவைச் சுற்றிவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தார்கள். அத்தை பையை மாட்ட ஆணி தேடினாள். அவளை அங்கேயே சேர்ப்பது என்று முடிவு செய்து, மறுநாள் நானே ஓர் ஆணி அடித்துக் கொடுத்தேன்.

அந்த வீட்டில் குறைகள் நிறைய. சுவரில் ஓதம். மாடிப்படி செங்குத்து. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். செவிலி படித்துவிட்டு, பாதிதான் என்னால் முடியும் என்று நேராகச் சொன்னார். கம்பி போட்டார். வழுக்காமல் இருக்கத் தொழிற்சாலைத் தரையில் ஒட்டுவோமே, மஞ்சளும் கறுப்புமாகச் சொரசொரப்பான பட்டை, அதை வாங்கிப்போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மண்டியிட்டுப் படிகளில் ஒட்டினேன். வீடு ஒரு பட்டறையைப் போல ஆகிவிட்டது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

அத்தை அங்கே போன செய்தி போன வேகத்துக்கு எந்த ஆபரேட்டரும் ஈடு கொடுத்திருக்க முடியாது. திருநெல்வேலியிலிருந்து பெரிய மாமா பேசினார். "வாய்க்கு ருசியா ஒரு ரசம் உண்டுமாட்டி அங்கே?" நான் ஞாயிறுதோறும் அம்மா வைத்த ரசத்தைப் பிளாஸ்கில் கொண்டுபோகிறேன் என்றேன். அவர் சமாதானமாகும் நேரத்தில் மீதியையும் சொன்னேன்: அத்தை அதை ஒதுக்கி வைத்துவிட்டு வெல்லப் பருப்புதான் கேட்கிறாள். அடுத்து பேசியவர்களுக்கும் இதையே சொன்னேன். எனக்கு வந்துகொண்டிருந்த வரன்களில் ஒன்று இதனால் நின்றுபோனது என்று யாரோ சொன்னார்கள். பட்டியலில் ஒன்று குறைந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் அத்தை விழுந்தாள்.

கேட்டருகே பாசி பிடித்திருந்த கல்லில் கால் வழுக்கியது. மாவ்ஷி பிடித்தும் நிற்கவில்லை. இடது மணிக்கட்டு உடைந்தது. செவிலி உடனே எனக்குப் போன் செய்து, எந்தக் கல், எப்படி, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னார். நான் கம்பெனியிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாவுக்கட்டுப் போடும்போது அத்தை என் துப்பட்டாவைப் பற்களால் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

அம்மா சித்தப்பாவுக்குச் சொல்லியிருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாங்விக்கு வந்தார். அந்த வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. படிகளில் மஞ்சள் கறுப்புப் பட்டையைப் பார்த்தார். வெள்ளைக் கட்டோடு கழுத்துத் தூளியில் தொங்கிய அக்காவின் கையைப் பார்த்தார். செவிலி அவரிடமும் ஒன்றுவிடாமல் சொன்னார். பாசியைச் சுரண்டிவிட்டதையும் காட்டினார்.

"சொன்னேம்லா," என்றார் சித்தப்பா என்னிடம். குரலை உயர்த்தவில்லை. "அன்னைக்கே சொன்னேம்லா. இனியாவது கேளு. அங்க இன்னும் இடம் இருக்கு."

"இல்ல சித்தப்பா."

"இடுப்பு ஒடிஞ்சாத்தான் உனக்குப் புத்தி வருமா?"

"ஒடியலாம். தெரிஞ்சுதான் சொல்லுதேன். அதுக்காக ஒடியறதுக்கு முந்தியே கட்டிப் போட முடியாது."

அதற்குள் அத்தை வந்துவிட்டாள். மாவ்ஷி நல்ல புடவை கட்டிவிட்டிருந்தாள். வலது தோளில் கைப்பை. கேட்டருகே போய் நின்றாள்.

விழுந்த பிறகு அவள் வெளியே நடப்பது அதுதான் முதல் தடவையாக இருக்கும். செவிலி என்னைத்தான் பார்த்தார். இந்த ஒன்றை அவர் தானாக முடிவு செய்ய மாட்டார், குடும்பம் சொல்ல வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். கேட் பூட்டியிருந்தது. தெரு இன்னும் ஈரம். மாவ்ஷி சாவியோடு காத்திருந்தாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"திறங்க," என்றேன்.

கேட் திறந்தது. அத்தைக்குப் பை இடைஞ்சலாக இருந்திருக்க வேண்டும். அதைத் தோளிலிருந்து உருவி, அருகில் நின்ற ஆளிடம், அதாவது சித்தப்பாவிடம், பார்க்காமலேயே நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். வலது கையால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெளியே காலெடுத்து வைத்தாள். அவருக்கும் நடப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"தப்புட்டி இது," என்றார் திரும்பிப் பார்த்து. அவர் தோளில் அத்தையின் கைப்பை தொங்கியது.

"இருக்கட்டும் சித்தப்பா. ஓரமாப் போகாதீங்க, அங்கன வழுக்கும்."